நேரில் பார்க்காத தலைவருக்கு மனநோய் என்று மருத்துவர் சொல்லலாமா?

கேள்வி: தாமரை_எம்

கல்லூரி விவாத மேடைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிரம்ப் ஆபத்தானவர் என்று 27 மனநல வல்லுநர்கள் சேர்ந்து 2017இல் ஒரு புத்தகமே போட்டார்கள். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பரிசோதிக்காத ஒருவரைப் பற்றி இப்படிப் பேசுவதே தவறு என்கிறது. நாட்டை ஆள்பவரைப் பற்றித் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: வைகைக்கரை

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அந்த விதி சரி என்பது என் கட்சி.

அது வந்த கதையிலிருந்து தொடங்குங்கள். 1964 அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்கு, அவர் அதிபராக இருக்க மனத்தளவில் தகுதியானவரா என்று கேட்டு அஞ்சல் அனுப்பியது. பதில் போட்டவர்கள் 2,417 பேர். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள், 657 பேர் தகுதி உண்டு என்றார்கள். போதிய தகவல் இல்லாமல் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 571 பேர். என் மரியாதை அந்த 571 பேருக்குத்தான். மற்றவர்களில் சிலர் அவரை ஹிட்லரோடு ஒப்பிட்டு எழுதினார்கள். கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு 1968இல் ஜெயித்தார், 75,000 டாலர் தண்டத்தொகையோடு. சங்கம் 1973இல் தன் நெறிமுறையில் இந்த விதியைச் சேர்த்தது. அதனால்தான் அதற்கு கோல்ட்வாட்டர் விதி என்று பெயர்.

சரி, பரிசோதனை என்றால் என்ன? எங்கள் வார்டில் ஒருவர் சேர்ந்தால் அவரிடம் பேசுவதோடு வேலை முடியாது. மனைவியைத் தனியாக, அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பேன். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, முன்பு எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது. இருவர் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. டாக்டர் தைராய்டு பார்க்கச் சொல்வார், பி12 பார்க்கச் சொல்வார். இத்தனைக்குப் பிறகும் கேஸ் ஷீட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் எழுதுவார்கள். மேடைப் பேச்சையும் ட்விட்டர் பதிவையும் வைத்து அந்தக் கேள்விக்குறியை எப்படி எடுப்பது?

பதில்: நெய்தல்நிலவன்

அரசாங்கமே இதைச் செய்கிறதே! 1943இல் ஹிட்லரின் மனத்தை ஆராய்ந்து வால்டர் லேங்கர் என்ற உளப்பகுப்பாய்வாளர் அமெரிக்க உளவுத்துறைக்கு அறிக்கை கொடுத்தார். 1978 கேம்ப் டேவிட் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு முன் இஸ்ரேல் பிரதமர் பெகின், எகிப்து அதிபர் சதாத் இருவரைப் பற்றியும் சிஐஏ குறிப்பு தயாரித்து அமெரிக்க அதிபர் கார்ட்டரிடம் கொடுத்தது. அதிபருக்குச் சொல்லலாம், ஓட்டுப் போடுகிறவனுக்குச் சொல்லக் கூடாதா?

பதில்: வைகைக்கரை

நல்ல கேள்வி. அந்த கேம்ப் டேவிட் குறிப்பு, எதிரில் உட்காருபவரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்பதற்கானது. அவருக்கு நோய்ப் பெயர் சூட்டி ஊர் நடுவில் நிறுத்தும் வேலை அல்ல. பொதுவில் சொல்லும்போது அடி வேறு இடத்தில் விழுகிறது.

தாமஸ் ஈகிள்டனைப் பாருங்கள். 1972இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்ததும், மின் அதிர்வு சிகிச்சை எடுத்ததும் வெளியே வந்ததால், வேட்பாளரான 18 நாளிலேயே அந்த இடத்தை இழந்தார். அதே மனிதர் 1987 வரை செனட்டராக இருந்தார். நோய் அவர் வேலையைத் தடுக்கவில்லை. நோயின் பெயரைக் கேட்டு மிரண்டவர்கள்தான் தடுத்தார்கள்.

எங்களிடம் வரும் ஆசிரியை ஒருவர், பைபோலார் என்ற இருமுனை மனநிலைக் கோளாறுக்கான லித்தியம் மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டுத்தான் பள்ளிக்கு எடுத்துப் போகிறார். ஸ்டாஃப் ரூமில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம். டிவியில் ஒரு டாக்டர் பிடிக்காத தலைவரை ‘பைபோலார்’ என்று சொன்னால் தலைவருக்கு ஒன்றும் ஆகாது. இவர் அந்த டப்பாவை இன்னும் ஆழமாகப் பைக்குள் தள்ளுவார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

தலைவர் பொய் சொன்னால் பொய் என்று சொல்லுங்கள். வன்முறையைத் தூண்டினால் தேதி போட்டு எழுதுங்கள். அதைக் கண்டுபிடிக்க எம்.டி. சைக்கியாட்ரி வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் சங்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 2017இல் விதியை இறுக்கி, நோய்ப் பெயர் இல்லாமல் நடத்தையைப் பற்றிக் கருத்துச் சொல்வதையும் தடுத்தார்கள். நோய் எப்படி வேலை செய்கிறது என்று பொதுவாக விளக்குவதற்குக்கூட டாக்டர்கள் தயங்கும்படி ஆகிவிடக் கூடாது.

கேள்வி: தாமரை_எம்

அப்படியானால் அதிபருக்கு நிஜமாகவே மனநலம் குன்றினால் யார் தீர்மானிப்பது?

பதில்: வைகைக்கரை

1967இல் வந்த 25ஆவது அரசியல் சாசனத் திருத்தம். அதன் 4ஆம் பிரிவுப்படி துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் சேர்ந்து அதிபரால் பணியாற்ற முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். இதுவரை யாரும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தியதில்லை. அதில் மருத்துவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் அமைச்சரவைக்குப் பதிலாக வேறொரு குழுவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு அமைக்க இடம் இருக்கிறது. அந்தக் குழுவில் நேரில் பரிசோதிக்கும் மருத்துவர்களை உட்காரவையுங்கள் என்று உங்கள் விவாதத்தில் கேளுங்கள். எதிரணிக்கு அதை மறுப்பது கடினம்.