துகள் பிரிகைக் கணிப்பில் சிறு துகள்களின் மொத்தப் பங்கு தானாகக் கூடுகிறது – உதவி தேவை

கேள்வி (பீன்யா மாணவன்):
வணக்கம். பெங்களூருவில் முதுநிலைப் பொறியியல் திட்டப்பணிக்காக, சாய்தளத்தில் வழிந்தோடும் இரு அளவுக் கண்ணாடி மணிகள் பிரிவதைப் பைத்தானில் கணித்து வருகிறேன். கிரே, சுகுனோவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் தந்த சமன்பாட்டையே எடுத்துக்கொண்டேன். சிறு துகள்களின் செறிவு 'சி' என்றால், அவற்றைக் கீழிறக்கும் பிரிகைப் பாய்வு சி(1−சி)-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். விரவல் அதற்கு எதிராக நின்று திரும்பக் கலக்கும். ஆழம், நேரம் இரண்டு மட்டுமே மாறிகள். பெக்லே எண் (விரவலைவிடப் பிரிகை எத்தனை மடங்கு வலியது என்பதன் அளவு) 12. ஆழத்தில் 50 கட்டங்கள்.

தொடக்கத்தில் மேல் 40 விழுக்காட்டில் சிறியவை மட்டும், கீழே பெரியவை மட்டும். சிறியவை அடியில் போய்த் தங்க வேண்டும். ஆனால் அடுக்கு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீரான கலவையாகிவிடுகிறது, போதாததற்கு, 0.40 ஆக இருந்த சராசரிச் செறிவு மெல்ல ஏறி 0.49-ஐத் தொடுகிறது. நடுவில் யாரும் மணி கொட்டவில்லை!

மறுமொழி 1:
நேர இடைவெளியைப் பாதியாக்கிப் பார்த்தீர்களா? எல்லைகளில் என்ன நிபந்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பீன்யா மாணவன்:
பாதியாக்கினேன், கட்டங்களை 200 ஆகவும் உயர்த்தினேன், மாற்றமில்லை. மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் செறிவின் சரிவு (ஆழத்தோடு அது மாறும் வீதம்) சுழியம் என்று வைத்திருக்கிறேன். வெப்பக் கடத்தலில் காப்பிட்ட சுவருக்கு அப்படித்தானே எழுதுகிறோம்?

மறுமொழி 2 (மல்லேஸ்வரம்வாசி):
தம்பி, பிழை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. வெப்பக் கடத்தலில் இருப்பது ஒரே பாய்வு, அதுவும் சரிவைப் பொறுத்தது. ஆகவே சரிவு சுழியமானால் பாய்வும் சுழியம். இங்கே பிரிகை, விரவல் என இரண்டு பாய்வுகள் இருப்பதால், எல்லையில் சுழியமாக வேண்டியது அவற்றின் கூட்டுத்தொகை. சரிவை மட்டும் சுழியமாக்கினால் சி(1−சி) அப்படியே நின்று, அடித்தளத்தின் வழியே சிறு துகள்கள் ஒழுகிப்போகும், மேற்பரப்பின் வழியே புதியவை உள்ளே வரும். மொத்த ஆழத்தை 1 எனக் கொண்டால், உங்கள் அடுக்கில் கலவைப் பகுதி விரியும்போது, 0.4 தொலைவிலுள்ள மேற்பரப்பை முதலில் எட்டுகிறது, 0.6 தொலைவிலுள்ள அடித்தளத்தைப் பிறகுதான் எட்டுகிறது. அதனால் வரவு செலவை மிஞ்சுகிறது.

ஐயமிருந்தால், தொடக்கத்தில் எங்கும் 0.4 என்று கொடுத்து ஓடவிடுங்கள். உங்கள் நிரலில் அது இம்மியும் அசையாது. முறத்தில் கொழித்தும் குருணை பிரியாத அரிசி உண்டா?

சரிவைத் தொடவே வேண்டாம். கட்டங்களின் முகங்களில், அதாவது ஒவ்வொரு கட்டத்தின் மேல், கீழ் எல்லைகளில், மொத்தப் பாய்வைக் கணக்கிட்டு, இரு கடைசி முகங்களில் மட்டும் அதைச் சுழியமாக்குங்கள். பின்னாளில் விரவலை நீக்கி, கிரே, தார்ன்டன் இருவரின் 2005 வடிவத்துக்குப் போனால் செறிவில் திடீர்த் தாவல்கள் தோன்றும். அப்போது, இருபக்கக் கட்டங்களையும் சமமாக எடுத்துக்கொள்ளும் மைய வேறுபாட்டு முறையில் செறிவு 0-க்குக் கீழும் 1-க்கு மேலும் அலையும் என்பதால், தாவல்களைச் சரியாகக் கையாளும் கோடுனோவ் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பீன்யா மாணவன்:
மிக்க நன்றி, ஐயா. எங்கும் 0.4 கொடுத்தபோது பழைய நிரல் உண்மையிலேயே அசையவில்லை. கடைசி முகங்களைத் திருத்தியபின் சராசரி 0.40-லேயே நிற்கிறது, அடியில் 0.99, செறிவு பாதியாகும் இடம் அடியிலிருந்து 0.4 உயரத்தில். கையால் தொகையிட்டுப் பெற்ற, நேரத்தோடு மாறாத நிலைத்த தீர்வும் இதையே தருகிறது.