குழு: கொள்ளிடக்கரைக் குடும்பம்

லதா சித்தி: பந்தல்காரர் போன் பண்ணார். வளைகாப்பு மேடைக்குப் பின்னால திரை, தோரணம், தொங்குற பூ எல்லாம் சாதா பிளாஸ்டிக்கா, மக்கும் பிளாஸ்டிக்கான்னு கேக்குறார். மக்கும்னா நாலாயிரம் கூட. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்

மணி மாமா: மக்கும்தான். 2019லயே பிளாஸ்டிக் தடை பண்ணியாச்சே

வித்யா: அது தட்டு, கப், பைக்கு மாமா 😄

பெரியப்பா: குத்துவிளக்கு, ஆரத்திக் கற்பூரம், வீடியோ லைட்டு. மூணும் அந்தத் திரைக்கு ஒரு முழத்துல. 2004 ஜனவரி, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம் தீப்பிடிச்சுது. 50 பேருக்கு மேல செத்துப்போனாங்க. மேல கீத்துக் கொட்டகை

சரோ அத்தை: நல்ல காரியம் பேசும்போது இது என்னண்ணே

லதா சித்தி: மக்குறது இயற்கைப் பொருளாம் அத்தான், எரியாதுன்னு சொல்றார்

கவின்: அது தப்பு சித்தி. மக்குறது வேற, எரியுறது வேற. அவர் சொல்றது அனேகமா பிஎல்ஏ. மக்காச்சோளம், கரும்புல இருந்து வர்றது. காத்துல ஆக்ஸிஜன் 21 சதவீதம் இருக்கு, பிஎல்ஏ எரிய சுமார் 20 போதும். அப்படின்னா தாராளமா எரியும். 150, 170 டிகிரியிலயே உருகி, எரியுற சொட்டா கீழ விழும். கீழ ஜமக்காளம்

வித்யா: ஆரம்பிச்சிட்டான்

கவின்: ஆனா எரியாம பண்ண வழி இருக்கு. பழைய டிவி உடம்புல எல்லாம் புரோமின் மருந்து கலந்தாங்க. அது மண்ணுலயும் நம்ம கொழுப்புலயும் தங்குதுன்னு சிலதை 2009ல ஸ்டாக்ஹோம்னு ஒரு உலக ஒப்பந்தத்துல தடைப் பட்டியல்ல போட்டாங்க. மக்குற சாமான்ல அதைக் கலந்தா, சாமான் மக்கிடும், மருந்து மண்ணுல நின்னுடும். அதனால இப்ப இயற்கையிலேயே தேடுறாங்க. தவிட்டுல ஃபைட்டிக் அமிலம் இருக்கு. அந்த அமிலத்தோட எடையில கால்வாசிக்கு மேல பாஸ்பரஸ்

ராஜி சித்தி: தவிடா? மாட்டுக்கு வைக்கிறதா?

கவின்: அதேதான். சூடு பட்டா அந்த பாஸ்பரஸ் மேல்பரப்பைக் கரியாக்கும். கூட லிக்னின் சேர்ப்பாங்க, காகித ஆலைக் கழிவுல வர்ற மரச்சத்து. அது கரிக்கு. கைட்டோசன் உப்ப வைக்கிற வாயுவுக்கு. மூணும் சேர்ந்தா அப்பளம் மாதிரி உப்பி ஒரு கரிப்படலம் நிக்கும். உள்ள சூடும் போகாது, ஆக்ஸிஜனும் போகாது

சரோ அத்தை: கைட்டோசன்னா என்ன

கவின்: இறால் ஓடு, நண்டு ஓட்டுல எடுக்குறது அத்தை

சரோ அத்தை: வெள்ளிக்கிழமை வளைகாப்பு மேடையில இறால் ஓடா! சம்பந்தி வீட்ல முட்டைகூட தொடமாட்டாங்க

மணி மாமா: அப்ப நான் மேடை ஓரமா உக்காந்துக்குறேன்

சரோ அத்தை: சுதா கல்யாணத்துல மீன் குழம்பு இல்லன்னு பந்தியில எந்திரிச்சவர்தானே

மணி மாமா: எந்திரிச்சது போன் வந்ததுக்கு

ராஜி சித்தி: அந்தக் கல்யாணத்துப் பித்தளை அண்டா இன்னும் யார் வீட்ல இருக்கு?

(செய்தி நீக்கப்பட்டது)

வித்யா: யாரு என்ன அழிச்சீங்க 👀

பெரியப்பா: கவின், எரியுமா எரியாதா. ஒரு வரியில சொல்லு

கவின்: கலந்தது சரியா இருந்தா தானா அணையும்ப்பா. கெட்டிச் சாமானுக்கு யூஎல் 94னு ஒரு சோதனை. 10 வினாடி நெருப்பு வச்சு எடுப்பாங்க, ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் 10 வினாடிக்குள்ள அணைஞ்சு, சொட்டு விழுந்து கீழ வச்ச பஞ்சு தீப்பிடிக்காம இருந்தா வி-0ங்குற தரம். மெல்லிசான திரைக்குச் சோதனை வேற. சிக்கல் என்னன்னா, ஃபைட்டிக் அமிலம் கூடிப்போனா பிஎல்ஏவை உருக்கும்போதே அதோட மூலக்கூறுச் சங்கிலி அறுந்துபோகும், திரை நொறுங்கும். அமிலத்தை முறிக்கத்தான் கைட்டோசனோடயே கட்டிப்போட்டுக் கலக்குறாங்க. இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துல நடக்குற வேலைதான். நம்ம பந்தல்காரர்கிட்ட இருக்கும்னு தோணல. தீச்சோதனைச் சான்று கேளுங்க

பெரியப்பா: ஒரு வரின்னேன்

லதா சித்தி: சான்று கேட்டேன். ஜிஎஸ்டி பில் அனுப்பியிருக்கார்

வித்யா: 😂😂

ராஜி சித்தி: நிஜப் பூவே கட்டிருவோம். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்ல விடியக்காலை வாங்கினா சல்லிசு

சரோ அத்தை: முகூர்த்த நாள்ல சல்லிசா? போன தடவை பூக்காசு யார் குடுத்தாங்கன்னு நான் சொல்லலை

ராஜி சித்தி: சொல்லுங்கண்ணி, தாராளமா சொல்லுங்க

கவின்: பூன்னாலும் வீடியோ லைட்டைத் தள்ளி வைங்க. மணல் வாளி ரெண்டு

பெரியப்பா: திரை பருத்தி. அதுவும் சுவத்தோட. விளக்கு முன்னால

மணி மாமா: பருத்தி மட்டும் எரியாதாக்கும்

பெரியப்பா: சொட்டாது

கீர்த்தனா: எனக்கு லாவெண்டர் கலர் திரை வேணும்னு ஏற்கெனவே சொல்லியாச்சே 🥲

லதா சித்தி: பந்தலுக்கு மட்டும் ரெண்டாயிரம் குடுத்துட்டேன். திரை அப்புறம் பாத்துக்கலாம். கலந்த சாதம் அஞ்சா ஏழா?

மணி மாமா: ஏழு

சரோ அத்தை: அண்டா எங்க வீட்லதான் இருக்கு. யாராவது வந்து எடுத்துட்டுப் போங்க