பொம்மை டாங்குக்கு பெயிண்ட் அடிக்கறவங்களே, நிஜ வண்டி தெரிஞ்ச ஆளு கிட்ட மாட்டிருக்கீங்களா?

ஃபேன்சி ஸ்டோர்ல பாக்கெட்டுல தொங்குமே, பச்சை பிளாஸ்டிக்ல நாலு டாங்கு ரெண்டு ஜீப்பு, அதுல ஆரம்பிச்சு இப்ப டமியாங்கற ஜப்பான் கம்பெனியோட 1/35 கிட் (நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு சைஸ், பாகம் பாகமா ஒட்டி கட்டறது) வரைக்கும் வந்தாச்சு. "இந்த வயசுல பொம்மையா"ன்னு வீட்ல கேக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான், அத விடுங்க. நீங்க கலர் அடிச்சு வெச்சத பாத்துட்டு, நிஜ வண்டியோட பழகினவங்க யாராச்சும் வந்து பேசிருக்காங்களா? இருந்தா எழுதுங்க.

என் கதைய முதல்ல சொல்லிடறேன். வீடு அம்பத்தூர் பக்கம். ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க எங்க ஏரியால நிறைய. சென்சூரியன்ங்கற பிரிட்டிஷ் டாங்கு கிட் ஒண்ண, ஆவடில செஞ்ச நம்ம விஜயந்தா டாங்கா மாத்தலாம்னு டரட்ட (மேல பீரங்கியோட சுத்தற பாகம்) எம்-சீல் வெச்சு இழைச்சு பால்கனில காய வெச்சிருந்தேன், எதிர் வீட்டு சார் பேப்பர் வாங்க வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. "என்ன வண்டிப்பா இது?" விஜயந்தா சார்னேன். குனிஞ்சு பாத்தாரு. "மேல விஜயந்தா, கீழ வேற எவனோ"ன்னாரு. சென்சூரியன்ல சக்கரம் ஜோடி ஜோடியா ஒரே ஸ்பிரிங்ல உக்காரும், விஜயந்தால பக்கத்துக்கு ஆறும் தனித்தனி டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யற இரும்பு கம்பி). சைடு ஸ்கர்ட் போட்டு மறைச்சிடலாம்னுதான் நான் இருந்தேன், அவர் கண்ணு நேரா அங்கயே போய் நின்னுச்சு.

அப்புறம் உக்காந்து பேச ஆரம்பிச்சாரு பாருங்க, டீ ரெண்டு ரவுண்டு ஓடிருச்சு. 1965ல ஆவடில இருந்து முதல் விஜயந்தா வெளிய வந்தது, 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எல்60 என்ஜின், அது கக்கற புகை, எல்லாம். எனக்கு உபயோகமானது சேறு பத்தி சொன்னதுதான். நாம எல்லாரும் வண்டி பூரா பிரவுன் பூசிட்டு வெதரிங், அதாவது ஓடி பழசான லுக்குன்னு சொல்லிக்கறோம்ல? அவர் சொல்றாரு, டிராக் (சக்கரத்த சுத்தி ஓடற இரும்பு பட்டை) எங்க மண்ண தூக்கி அடிக்குதோ அங்கதான் சேறு, ஃபெண்டருக்கு (மட்கார்டு) அடியில அப்பிக்கும், பின் தகட்டுல தெறிக்கும், டரட்டுக்கு மேல வெறும் தூசி, அதுவும் ஆளு ஏறி இறங்கற இடத்துல தேஞ்சு பளபளன்னு இருக்கும்னு. செம்மண்ண துணில சலிச்சு, தண்ணி விட்ட ஃபெவிக்கால்ல குழைச்சு, பழைய டூத் பிரஷ்ஷால ஃபெண்டர் அடியில குத்தி குத்தி வெச்சேன். தேஞ்ச இடத்துக்கு 6பி பென்சில் தூள விரல்ல தொட்டு தேச்சா போதும், இரும்பு மாதிரியே மின்னும். இதுக்குன்னு விக்கற காஸ்ட்லி பவுடர் எல்லாம் தேவையே இல்லைங்கறது என் கருத்து.

*

நம்மது கோயமுத்தூருங்க. எனக்கு கிடைச்சது மிலிட்டரி ஆளு இல்லீங்க, டிங்கரிங் கடை பெயிண்டர் அண்ணன். காருக்கு அடிக்கற ஸ்ப்ரே கன்ன எடுத்து பொம்மைக்கு அடிச்சு குடுங்கன்னு போய் நின்னா ஏற இறங்க பாத்தாரு. என்.சி. தின்னர் பிளாஸ்டிக்க தின்னுடும் தம்பின்னு அவரே மூடி போட்ட டப்பா ஒண்ணுல தொட்டு காமிச்சாரு, ஒரு நிமிஷத்துல பிசுபிசுன்னு ஆயிருச்சு. அதுக்கு அவர் சொன்ன வழி, முதல் கோட்ட தூரத்துல இருந்து தூவற மாதிரி அடி, பிளாஸ்டிக் மேல விழறப்பவே பாதி காஞ்சிருக்கணும், அது காஞ்சப்பறம் அடுத்தது. அதே மாதிரி மழை நாள்ல மேட் கிளியர் (பளபளப்பு இல்லாத வார்னிஷ்) அடிச்சா காத்துல இருக்கற ஈரம் பிடிச்சு வெள்ளையா பூத்துக்கும், அடிக்கவே அடிக்காதன்னாரு. பட்டி பாக்கறது, வாட்டர் பேப்பர் (நனைச்சு தேய்க்கற உப்புத்தாள்) தேய்க்கறது எல்லாம் அவர் கிட்ட கத்துக்கிட்டதுதானுங்க.

இன்னொண்ணு. பாக்கெட் பொம்மை பல தடவ வளையற பிளாஸ்டிக்ல வரும், பாலித்தீன் வகை, அதுல எந்த பெயிண்ட்டும் சரியா ஒட்டாது, வளைச்சா உரிஞ்சு வரும். கிட்டு எல்லாம் பாலிஸ்டைரீன். ரெண்டையுமே பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்திரம் தேய்க்கற லிக்விட் போட்டு கழுவிருங்க, அச்சுல இருந்து எடுக்கறப்ப வர்ற எண்ணெய் ஒட்டிட்டு இருக்கும்.

*

ஸ்கேல் மாடலுக்கு இவ்ளோ பெரிய கூட்டம் இருக்கா தமிழ்ல! நான் டிஎன்எஸ்டிசி பஸ் கலர் அடிக்கற குரூப்பு. ஒரு சந்தேகம், அடிச்ச அக்ரிலிக் பெயிண்ட்ட மொத்தமா எடுக்கணும்னா என்ன பண்றீங்க?

*

டெட்டால். சோப்பு இல்ல, பாட்டில் டெட்டால். ஒரு ராத்திரி ஊற வெச்சு, டெட்டாலயே தொட்டு தொட்டு பிரஷ்ல தேச்சு எடுங்க. பாதில மட்டும் தண்ணில காட்டிடாதீங்க, பெயிண்ட் எல்லாம் கோந்து மாதிரி ஆகி மறுபடி அங்கயே ஒட்டிக்கும். முழுசா வந்தப்பறம்தான் சோப்பு தண்ணி. ஜன்னல திறந்து வெச்சுக்கோங்க, வீடே ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

*

நான் டொரன்டோவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். போன விண்டருக்கு டி-72 டாங்கி ஒண்டு கட்டினனான். எனக்கு அது ஒரு கிட், அவ்வளவுதான், டிராக் வடிவா வந்திட்டுது எண்டு சந்தோசத்தில சாப்பாட்டு மேசையில வச்சிட்டன். அம்மா வந்து பாத்திட்டு, "இது இந்தியன் ஆமி கொண்டு வந்ததெல்லே" எண்டா. 87 ஒக்டோபர்ல நான் கைக்குழந்தை. அம்மா கோவிக்கேல்லை, எடு எண்டும் சொல்லேல்லை, கிட்ட இழுத்து வச்சு டிராக்கை விரலால தடவிப் பாத்தா. "இந்தப் பல்லெல்லாம் தார் றோட்டில பதிஞ்சு கிடந்தது, பிறகு எத்தினையோ காலம் சைக்கிள் ஓடேக்க கடகட எண்டு உதறும்" எண்டு சொல்லிப் போட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அதுக்குப் பிறகு நான் றோட்டைத்தான் செய்தன். கறுத்த வாட்டர் பேப்பர் ஒட்டி, மேல பட்டி பூசி, ஈரத்தோட அந்த டிராக்கை உருட்டி எடுத்தா அச்சு அப்பிடியே விழும், காய்ஞ்ச பிறகு சாம்பல் நிறத்தில டிரை பிரஷ் (பெயிண்ட்டைத் துடைச்சுப் போட்டு, அரைவாசி காய்ஞ்ச பிரஷ்ஷால தடவுறது). டமியாவின்ர ஜேர்மன் சைக்கிள் செட்டில ஒரு சைக்கிளை எடுத்து அதில நிப்பாட்டினன். டி-72 இப்ப பேஸ்மென்ற்ல, பெட்டிக்குள்ள கிடக்குது.

*

அண்ணா அந்த ரோட்ட ஒரு போட்டோ போடுங்க.

எங்க அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி அண்ணன் வேலூர் பக்கம், ஆர்மில டிரைவரா இருந்து வந்தவரு. நான் ஒரு பிளாஸ்டிக் ஜீப்ப ஜோங்காவா (ஜீப் மாதிரி ஆர்மி வண்டி) மாத்தி நம்பர் பிளேட்ல டிஎன்னு ஆரம்பிச்சு எழுதிட்டு இருந்தப்ப கொரியர் குடுக்க மேல வந்தாரு. சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. "சார், மிலிட்டரி வண்டிக்கு ஆர்.டி.ஓ. எங்க இருக்கு?" முதல்ல மேல் நோக்கின அம்புக்குறி, அடுத்து ரெண்டு இலக்கம், அது வண்டிய எடுத்த வருஷம், அப்புறம் எழுத்து, அதுக்கப்புறம் நம்பர், கடைசில இன்னொரு எழுத்து. ஜோங்கா, சக்திமான் லாரி எல்லாம் ஜபல்பூர்ல செஞ்சது, அந்த லாரிய மலை ரோட்டுல ஓட்டினத பத்தி கேட்டா லிஃப்ட்டையே பிடிச்சு நிறுத்திட்டு சொல்லுவாரு. இப்ப நான் எத முடிச்சாலும் டிஸ்பிளேல வைக்கறதுக்கு முன்னாடி கீழ கேட்டுக்கு எடுத்துட்டு போய் காமிச்சுட்டுதான் வர்றது.

*

நீங்கல்லாம் அக்யூரசி அக்யூரசின்னு உயிர விடறீங்க, என் பொண்ணு ஒரு லேண்ட் ரோவருக்கு முழுசா ரோஸ் கலர் அடிச்சு வெச்சா. ரயில்வேல இருக்கற எங்க மாமா, இவரும் நம்மள மாதிரி மாடல் கட்டறவருதான், பாத்துட்டு "கரெக்டா அடிச்சிருக்கியே பாப்பா"ன்னாரு. நக்கல் பண்றாருன்னு நினைச்சா, இல்ல, 1968ல பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைக்கு வந்த லேண்ட் ரோவருக்கு பாலைவனத்துல மறைஞ்சுக்க ரோஸ் கலர்தான் அடிச்சாங்களாம், பிங்க் பாந்தர்னே பேரு, டமியா கிட்டே இருக்கு. அவ இப்ப ஸ்கூல்ல எல்லார் கிட்டயும் சொல்லிட்டு திரியறா.

அடுத்த வண்டிக்கு கலர் மட்டும் யாராச்சும் சொல்லுங்கப்பா, ஃபெவிக்ரில் சிவப்புல வெள்ளை கலந்தா பபிள்கம் கலர் வருது, கொஞ்சம் யெல்லோ ஓக்கர் விட்டா மண்ணு கலர் பக்கம் திரும்புமா?