விடுதி அறையைப் பிள்ளையோடு சேர்ந்து அழகுபடுத்திய அனுபவங்கள்

நெடுந்தீவு அம்மா:

மகள் உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள். வயது பதினேழு. "படிக்கப் போற இடத்துக்கு என்ன அலங்காரம்?" என்று சொந்தக்காரர் பலர் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து எங்கள் தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் போக வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. சனி ஞாயிறு வந்தவுடன் பிள்ளை வீட்டுக்கு ஓடி வந்துவிட முடியாது. அந்த நாட்களில் அவளுக்கு அந்த அறைதான் வீடு. பிறகு அது எப்படி இருந்தால் என்ன என்று விட முடியுமா?

சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்ததுமே மகள் தடுத்தாள். "அம்மா, இப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. முதல்ல அறையைப் பாத்திட்டு வருவம்." நல்ல யோசனை. போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்கான அறை. ஆளுக்கொரு கட்டில், மேசை, கதிரை, ஒடுக்கமான அலுமாரி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பெயின்ற் உரியும் என்பதால் ரேப் ஒட்டவும் கூடாது. ஆகவே சுவரைத் தொடாமல் என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் யோசனையாக இருந்தது.

படங்களைக் குத்தி வைக்க, ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை ஒன்றை மகள் மேசை அகலத்துக்கு பிளேட்டால் வெட்டினாள். நான் என் பழைய நீலக் கைத்தறிச் சேலையின் முந்தானையைக் கொடுத்தேன். துணியைப் பலகைமேல் விரித்து, நான் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, அவள் பின்பக்கம் மடித்துக் குண்டூசி குத்தினாள். மூலைகளில் சுருக்கம் விழாமல் மடிக்கத்தான் நேரம் எடுத்தது. மஞ்சள் கரை நேராக வரவில்லை என்று ஒரு பக்கத்தை முழுவதும் கழற்றித் திரும்பக் குத்தினாள். இப்போது அது மேசைமேல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் பாட நேரசூசி, தம்பி கீறிய எங்கள் ஊர்க் குதிரை, பெருக்கமரத்தடியில் தோழிகளோடு எடுத்த படம் மூன்றும் இருக்கின்றன. நான் இன்னும் இரண்டு குடும்பப் படங்கள் வைக்கச் சொன்னேன். "இடம் விட்டு வைப்பம் அம்மா, இங்கயும் ஆக்கள் கிடைப்பினம்தானே" என்றாள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்தப் பதில்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் கோத்து யன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள். சிப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பூட்டிய அறையில் நாற்றம் தாங்காது.

மாதா படத்தை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. கூட இருக்கும் பிள்ளை முல்லைத்தீவு; அவள் பிள்ளையார் படம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசி, அவரவர் அலுமாரிக் கதவின் உட்பக்கம் வைத்துக்கொண்டார்கள். காலையில் கதவைத் திறந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

விரிப்பு, வாளி, உடுப்புக் கொழுவி எல்லாம் பெரியகடைப் பக்கம் ஒரே நடையில் வாங்கியாயிற்று. நுளம்பு வலைக்குத்தான் வாக்குவாதம். ஆசுப்பத்திரிக் கட்டில் போல இருக்கும் என்று மகள் மறுத்தாள். நான் விடவில்லை. இங்கே மாரியில் டெங்கு கூடும். அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் மத்தியானம் படுத்தாலும் வலை வேண்டும். கடைசியில் நிறத்தை அவள் தெரிவு செய்தாள். கட்டில் கால்களில் தடி கட்டி வலையைப் போட்டோம். படுக்காத நேரத்தில் ரிபனால் சுருட்டிக் கட்டிவிடுகிறாள்.

சாவகச்சேரி அப்பா:

என் மகன் எதுவுமே வேண்டாம் என்றான். மேசையும் வெளிச்சமும் சரியாக இருந்தால் போதுமாம். வற்புறுத்தவில்லை, பதினெட்டு வயதுப் பெடியனுக்கு எது வசதி என்று அவனுக்குத் தெரியும். மேசையை யன்னலோரம் திருப்பி, எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாதபடி விளக்கை இடப்பக்கம் வைத்தோம். விளக்கு சார்ஜ் செய்யக்கூடியது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். வீட்டிலும் அப்படி ஒரு விளக்கு எப்போதும் இருக்கிறது. இடக்கைப் பிள்ளை என்றால் விளக்கை வலப்பக்கம் வையுங்கள்.

கோப்பாய் அம்மா:

ஊத்தை உடுப்புக்கு பிளாஸ்டிக் கூடையை விடப் பனையோலைக் கடகம் நல்லது, காற்றுப் போகும். சிவப்பும் பச்சையும் சாயமிட்ட ஓலையில் இழைத்தது அறைக்கும் அழகு. என் மகள் பேனை, ஊசி நூலுக்கென்று சின்ன மூடிப்பெட்டியும் வாங்கினாள். மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈர உடுப்பை அதற்குள் போட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பிடித்துவிட்டால் எறிய வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் வந்த அன்று வெளியில் கவிழ்த்து வைத்தால் போதும். நெடுந்தீவு அம்மா, அந்த ரெஜிபோம் பலகையை என்ன தடிப்பில் எடுத்தீர்கள்? சின்னவள் அடுத்த தவணை விடுதிக்குப் போகிறாள், அவளும் சேலைத்துணி கேட்கத் தொடங்கிவிட்டாள்.