வீட்டு லாப்ரடாரைத் தெரபி நாயாகப் பழக்க முடியுமா?

கேள்வி: நொய்யல்கரை, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண் லாப்ரடார் இருக்கிறாள், பெயர் மீனு. பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டுவரும் என் மாமியார், இயன்முறை மருத்துவர் பந்தைப் பிடித்துத் தூக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிறார்; அதே கையால் மீனுவின் முதுகைச் சீப்பால் வாரிவிடச் சொன்னால், முகம் சுளிக்காமல் கால் மணி நேரம்கூட வாருகிறார். இதைப் பார்த்த மருத்துவர்தான், அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கும் இவளைத் தெரபி நாயாக, அதாவது பிறருக்கு ஆறுதல் தரச் செல்லும் நாயாக, அழைத்துச் செல்லலாமே என்று சொன்னார். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

மீனு யாரிடமும் சீறியதில்லை. புதியவர்களைக் கண்டால் வாலாட்டிக்கொண்டே ஓடிச்செல்வாள். ஆனால் மகிழ்ச்சி மிகுந்தால் மேலே பாய்ந்துவிடுவாள். சமையலறையில் தட்டு விழுந்தால் திடுக்கிட்டு என் பின்னால் வந்து நிற்பாள். இவற்றைப் பயிற்சியால் மாற்ற முடியுமா? என்னென்ன பழக்க வேண்டும்? இல்லத்தின் மேலாளர் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவை: நாயால் முதியவர்களுக்கு நோய் தொற்றாதா, கடித்துவிட்டால் என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வெண்கொன்றை, நியூ ஜெர்சி

சகோதரிக்கு வணக்கம். நான் இங்குள்ள ஒரு மறுவாழ்வு மையத்துக்கு என் நாயுடன் சில ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சன் நினைவுக்கு வந்தார். யாரிடமும் ஒட்டாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன் தம்முடைய நாய் ஜிங்கிள்ஸிடம் தானாகவே நெருங்கியதைக் கண்டு, நாயின் துணையோடு சிகிச்சை அளிப்பது பற்றி அவர் 1960-களின் தொடக்கத்திலேயே எழுதினார். பின்னர் 1976-இல் எலெய்ன் ஸ்மித் என்ற செவிலியர் இதே நியூ ஜெர்சியில் ‘தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சோதித்துப் பதிவு செய்த நாய்களை மட்டுமே நோயாளிகளிடம் அழைத்துச் செல்லும் முறை அதன் பிறகுதான் பரவியது.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயைப் போன்ற சேவை நாய்கள் வேறு, தெரபி நாய்கள் வேறு. சேவை நாய் ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்டு அவருடனேயே வாழ்கிறது. தெரபி நாயோ உங்கள் வீட்டு நாயாகவே இருந்துகொண்டு, உங்களுடன் சேர்ந்து பிறரைப் பார்க்கச் செல்கிறது. இதனால் அமெரிக்காவில்கூடச் சேவை நாய்க்குரிய பொது இட உரிமை தெரபி நாய்க்குக் கிடையாது. அந்தந்த நிறுவனம் அழைத்தால்தான் உள்ளே போகலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கீழ்ப்படிதலைப் பழக்கிவிடலாம், முன்பின் தெரியாதவரின் கை தன்மேல் படுவதை விரும்பும் மனத்தைப் பழக்கிக் கொடுக்க முடியாது. தொட்டால் பொறுத்துக்கொண்டு நிற்கும் நாய் நல்ல நாய்தான். ஆனாலும் இந்த வேலைக்கு அது போதாது. தானே போய் மடியருகே தலையை நீட்டும் நாய்தான் வேண்டும். மீனு புதியவர்களைக் கண்டு வாலாட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்றால், பயிற்சியால் கொடுக்க முடியாத அந்தப் பகுதி அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பயிற்சிக்கு அளவுகோலாக, அமெரிக்கன் கெனல் கிளப் 1989 முதல் நடத்திவரும் ‘கெனைன் குட் சிட்டிசன்’ தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துப் பகுதிகள் உண்டு. அந்நியர் நெருங்கிவந்து பேசும்போது அமைதியாக இருப்பது, கயிறு தளர்ந்திருக்கக் கூட்டத்தினூடே நடப்பது, சொன்ன இடத்தில் உட்கார்ந்தும் படுத்தும் இருப்பது, கூப்பிட்டால் வருவது, இன்னொரு நாயைக் கண்டும் தன் வேலையைப் பார்ப்பது, உரிமையாளர் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் போனாலும் பதறாமல் இருப்பது போன்றவை அவற்றில் அடங்கும். தட்டு விழும் ஓசையைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். திடுக்கிடுவதே கூடாது என்று இத்தேர்வு எதிர்பார்ப்பதில்லை. திடுக்கிட்ட நாய் பீதியடைந்து ஓடாமல், குரைக்காமல், விரைவில் நிதானத்துக்குத் திரும்புகிறதா என்பதையே பார்க்கிறார்கள். பக்கத்து அறையில் துணியின்மேல் ஒரு கரண்டியைப் போடச் சொல்லி, ஓசை கேட்டவுடன் மீனுவுக்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். அவள் காதை நிமிர்த்தி உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, பல நாள்களில் சிறிது சிறிதாக ஓசையைக் கூட்டியும் தூரத்தைக் குறைத்தும் செல்லுங்கள்.

பாய்வதை மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் நிறுத்தியாக வேண்டும். வீட்டில் அது கொஞ்சலாகத் தோன்றலாம். முதியோர் இல்லத்தில் ஒரு பாய்ச்சலில் ஒருவருடைய இடுப்பெலும்பு முறிந்துவிடக்கூடும். நான்கு கால்களும் தரையில் இருந்தால்தான் யாரும் அவளைத் தொட வேண்டும், பேச வேண்டும். கால் எழுந்த நொடியில் வந்தவர் திரும்பி நின்றுவிட வேண்டும். விருந்தினர், பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என அனைவரும் இந்த ஒரே விதியைப் பின்பற்றினால்தான் அவளுக்குப் புரியும். பத்துப் பேரில் ஒருவர் கொஞ்சிவிட்டாலும் பழக்கம் நீடிக்கும்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது ‘விடு’ என்ற கட்டளை. முதியவர்களின் கட்டிலடியில் எப்போதும் ஏதேனும் ஒரு மாத்திரை விழுந்து கிடக்கும். அன்பு மிகுதியால் அவர்களே திராட்சைப் பழத்தை நீட்டுவார்கள். திராட்சை நாய்களுக்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்கட்டை மூடிய கைக்குள் வைத்து நீட்டுங்கள். மீனு முகர்ந்து, நக்கி, முண்டிப் பார்த்துவிட்டு முகத்தை விலக்கும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு தின்பண்டம் கொடுங்கள். கையிலிருந்ததை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிறகு திறந்த உள்ளங்கை, அடுத்துத் தரையில் காலடியில், கடைசியாக அவள் நடந்துபோகும் வழியில் உருண்டோடும் பொட்டுக்கடலை என்று முன்னேறலாம்.

இவற்றோடு சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் ஆகியவற்றின் ஓசைக்கும் அசைவுக்கும் பழக்குங்கள். உங்கள் மாமியாரின் வாக்கரையே முதலில் அசையாமல் வைத்து முகரவிட்டு, பிறகு நகர்த்தலாம். தள்ளாடி வருபவர், உரத்த குரலில் பேசுபவர், தட்டுத்தடுமாறி முரட்டுத்தனமாகத் தடவுபவர், ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்ளும் பலர் என இவை அனைத்தும், தெரபி விலங்குகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் ‘பெட் பார்ட்னர்ஸ்’ அமைப்பின் மதிப்பீட்டிலும் இடம்பெறுகின்றன. அந்த அமைப்பில் பதிவு செய்ய நாய்க்கு ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும், உங்களுடன் ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாயை இப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது. கழுத்தை இறுக்கும் சங்கிலிகளுக்கும் முள்பட்டைகளுக்கும் அங்கே இடமில்லை. வலிக்குப் பயந்து அடங்கியிருக்கும் நாயை நோயாளியின் அருகே விடுவது ஆபத்து என்பதில் எனக்கும் ஐயமே இல்லை.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்று மேலாளர் கேட்டாரல்லவா? நாய் தன் சங்கடத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் கயிற்றின் மறுமுனையில் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்ப்பது, உடல் விறைத்து வாயை மூடிக்கொள்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், யார் வருத்தப்படுவார்கள் என்று எண்ணாமல் “மீனுவுக்குச் சற்று ஓய்வு வேண்டும்” என்று சொல்லி வெளியே அழைத்துவந்துவிடுங்கள். உறுமினால் தண்டிக்காதீர்கள், தண்டித்தால் அடுத்த முறை அவள் எச்சரிக்காமலேயே கடிக்கக் கற்றுக்கொள்வாள். கயிறு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும், வேறு யாரிடமும் ஒரு நிமிடம்கூடக் கொடுக்க வேண்டாம்.

மறுமொழி: கால்நடை மருத்துவர், சென்னை

மேலே எழுதியவர் நடத்தையைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் நோய்த்தொற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். அந்த அட்டையின் நகலை இல்லத்திலும் கொடுத்துவையுங்கள். குடற்புழு நீக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு என்பதால், செல்லும் நாளன்று காதுமடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். வயிற்றுப்போக்கு, காது சீழ், தோல் அரிப்பு இருந்தாலோ, அவள் சினைப்பருவத்தில் இருந்தாலோ அன்றைக்குப் போகவே கூடாது.

மீனுவுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாய்க்கு எந்த நோயும் உண்டாக்காமலேயே அதன் எச்சிலிலும் மலத்திலும் வெளிவரக்கூடும். எதிர்ப்பாற்றல் குறைந்த முதியவருக்கு அவை கடுமையான நோயைத் தரும். பெட் பார்ட்னர்ஸ் அமைப்பும் பச்சை இறைச்சி உண்ணும் நாய்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

நகங்களை வெட்டினால் போதாது, முனை மழுங்கும்படி அரமும் போடுங்கள். வயதானவர்களின் தோல் மிக மெல்லியது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அவர்களில் பலர் இருப்பார்கள். நமக்கு வெறும் கோடாகத் தெரியும் ஒரு கீறல், அவர்களுக்குத் தோலே உரிந்து, நெடுநேரம் இரத்தம் கசியும் புண்ணாகிவிடும். கட்டிலில் படுத்திருப்பவர் நாயை அருகில் வைத்துக்கொள்ள விரும்பினால், துவைத்த விரிப்பு ஒன்றை விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய விரிப்பை அடுத்தவருக்குப் பயன்படுத்த வேண்டாம். தொடுவதற்கு முன்பும் பின்பும் அனைவரும் கை கழுவ வேண்டும். முகத்தையும் புண்ணையும் நக்கவிடக் கூடாது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், திறந்த புண் உள்ளவர்கள், தனிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆகியோரிடம் மருத்துவரின் அனுமதியின்றிச் செல்லாதீர்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லாப்ரடார் வெப்பத்தை எளிதில் தாங்காது. நண்பகலில் சிமென்ட் தரையில் உங்கள் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது. காலை நேரமே நல்லது.

கேட்டவர்: நொய்யல்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சை இறைச்சி கொடுப்பதில்லை. உண்ணியை நாளையே பார்க்கிறேன். பொள்ளாச்சியில் இருக்கும் என் தம்பி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயையும் இப்படிப் பழக்க விரும்புகிறான். அந்த நாய் மிகவும் சாதுவானதுதான், ஆனால் சாப்பிடும்போது யாராவது அருகில் வந்தால் உறுமும். நாட்டு நாய்கள் இதற்கு ஏற்றவைதானா? மேலும், சிறப்புப் பள்ளிகளுக்கும் இதே பயிற்சி போதுமா?

மறுமொழி: சிறப்பாசிரியர், மதுரை

இனம் ஒரு தடையே இல்லை. நாட்டு நாய்களுக்கு உடல்நலத் தொல்லைகள் குறைவு, நம் வெயிலுக்கும் பழகியவை. ஆனால் உணவருகே உறுமும் நாயை, அந்தப் பழக்கம் தகுந்த பயிற்சியாளரின் துணையோடு முற்றிலும் மாறும்வரை எந்த நிறுவனத்துக்கும் அழைத்துச் செல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பள்ளியில் பிள்ளைகளின் கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் இருக்கும். தம்பி வீட்டிலேயே அந்த நாயை மகிழ்ச்சியாக வைத்திருப்பதிலும் குறையொன்றும் இல்லை.

சிறப்புப் பள்ளிக்கு இந்தப் பயிற்சி அடித்தளம் மட்டுமே. ஆட்டிசம் உள்ள பிள்ளை திடீரென்று கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம், முடியைப் பற்றி இழுக்கலாம், எதிர்பாராமல் வீறிடலாம். ஆகவே பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும்: நாயை மட்டும் கவனிக்க ஒருவர், பிள்ளையை மட்டும் கவனிக்க இன்னொருவர். நாயின் தலைப்பக்கம் நீங்கள் அமர்ந்துகொண்டு, தோளிலிருந்து முதுகுவரை விரித்த உள்ளங்கையால் வருட மட்டும் பிள்ளைக்குப் பழக்குங்கள். மேலும், நாயோடு சென்று பார்த்துவருவது வேறு, நாயின் துணையோடு நடக்கும் சிகிச்சை வேறு. இன்ன பிள்ளை இன்ன விரலை மடக்கிச் சீப்பைப் பிடிக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்துப் பதிவேட்டில் எழுதி நடத்துவது சிகிச்சை. அதை உரிய பயிற்சி பெற்ற சிகிச்சையாளரே வழிநடத்த வேண்டும். உங்கள் மாமியாருக்கு இயன்முறை மருத்துவர் செய்வது அதற்கு நெருக்கமானது. வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு வேறொரு நல்ல வழியும் உண்டு: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999-இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில், பிள்ளைகள் தெரபி நாயின் அருகே அமர்ந்து அதற்குக் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். பிழை திருத்த யாரும் குறுக்கிடாததால் திக்குபவர்கள்கூடத் தயங்காமல் வாசிக்கிறார்கள். மீனுவைப் போல அமைதியாகப் படுத்திருக்கக் கற்றுக்கொள்ளும் நாய்க்கு இது மிகவும் பொருந்தும்.

ஹாங்காங்கில் 1991-இல் விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் தம்முடைய கோல்டன் ரிட்ரீவர் மேக்ஸை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டம், புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற விலங்கு நல அமைப்பின் வழியாகச் சென்னைக்கும் வந்தது. ஆகவே நம் ஊருக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஆனால் தெருநாய்க்கடியை நேரில் பார்த்தவர்களும், நாயை வீட்டுக்குள் சேர்க்காத வழக்கத்தில் வளர்ந்தவர்களும், சமய நம்பிக்கையால் நாயின் எச்சில் படக்கூடாது என்று நினைப்பவர்களும் எந்த இல்லத்திலும் இருப்பார்கள். அவர்களுடைய விருப்பத்தை முன்கூட்டியே கேட்டுப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். “ஒன்றும் செய்யாது, தொட்டுப் பாருங்கள்” என்று ஒருவரையும் வற்புறுத்தாதீர்கள்.

வெண்கொன்றை குறிப்பிட்ட இரண்டு மணி நேரம் என்பது மேல்வரம்பு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நம் இல்லங்களில் ஒரே கூடத்தில் பலர் அமர்ந்திருப்பார்கள், ஓசையும் நெருக்கமும் மிகுதி. தொடக்கத்தில் இருபது நிமிடம், அதுவும் நாயை விரும்பும் ஓரிருவருடன் மட்டும் போதும். அதற்கும் முன்பு ஒருமுறை மீனு இல்லாமல் நீங்கள் மட்டும் சென்று, தரை வழுக்குகிறதா, சாப்பாட்டு நேரம் எது, வளாகத்தில் வேறு நாயோ பூனையோ திரிகிறதா, அவள் சிறுநீர் கழிக்க எந்த இடத்துக்கு அழைத்துச் செல்லலாம், களைத்துவிட்டால் எந்த வழியாக உடனே வெளியேறலாம் என்பதையெல்லாம் பார்த்து மேலாளரிடம் பேசி முடித்துவிடுங்கள்.