ஷண்ட் (தலையில் கோக்கும் நீரை வடிக்க வைக்கும் குழாய்) அடைத்தால் தெரியும் அறிகுறிகளைத் தோட்டத்து அம்மாமாருக்கு எப்படிச் சொல்வது?

கொழும்பில் சிறுவர் மூளை நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவில் விசேட பயிற்சி வைத்தியராக இருக்கிறேன். போன மாதம் நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 7 மாதக் குழந்தை வந்தது. தலையில் நீர் கோத்திருந்ததால் அதற்கு 3 மாதம் முன்புதான் ஷண்ட் வைத்திருந்தோம். 4 நாளாக வாந்தி. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். வந்தபோது உச்சிக்குழி புடைத்து, கண்கள் இரண்டும் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. குழாய் அடைத்திருந்தது. மாற்றினோம், பிள்ளை தேறிவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் கிட்டத்தட்டப் பாதி 2 வருடத்துக்குள் பழுதாகும். இன்னொரு அம்மா இப்படிப் பிந்திவிடக் கூடாது.

வீட்டுக்குக் கொடுத்துவிட எங்களிடம் சிங்களத் துண்டுப்பிரசுரம்தான் இருந்தது. நானே தமிழில் எழுதினேன். 'மண்டையறை அழுத்தம்' என்றால் யாருக்கு விளங்கும்? படம் வரைந்து காட்டினேன், அப்புறம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவும் அனுப்பினேன். "சரி டொக்டர்" என்று தலையாட்டுகிறார்கள், திருப்பிக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாவின் விரலைப் பிடித்து உச்சிக்குழியில் வைத்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டது.

தோட்டப்புறங்களில் வேலைசெய்த மருத்துவமாது, தாதியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உச்சிக்குழி புடைப்பதையும் கண் கீழே சரிவதையும் அங்குள்ள அம்மாமார் தங்கள் பேச்சில் எப்படிச் சொல்வார்கள்?