கிழமைப் பெயர் உள்ள றொக் பாட்டுகள்: ட்றம்ஸ் இல்லாமல் எதை வாசிக்கலாம்?

கனகராயன்:
கிளிநொச்சியில ஒரு சின்ன நிகழ்ச்சிக்குக் கிழமைப் பெயர் வாற இண்டி, றொக் பாட்டுகள் தேடுறம். இரண்டு கிற்றார், ஒரு கீபோட், ஒரு புல்லாங்குழல். ட்றம்ஸ் இல்லை. உங்களுக்குப் பிடிச்சதுகளைச் சொல்லுங்கோ. தி கியூரின்ர ‘பிறைடே ஐம் இன் லவ்’ றெக்கோட்டோட சுருதி சேருதில்லை. கிற்றார் கழுத்தில மாட்டுற கேப்போவை எங்க போட்டாலும் சரிவரேல்லை. ஏன்?

ஓமந்தைச் சந்தி:
கேப்போ அரைச் சுரம் அரைச் சுரமாத்தான் ஏறும். 1992இல வந்த அந்தப் பாட்டைப் பதியேக்க ரேப்பின்ர வேகம் மாறிப்போச்சு. அதால டி மேஜரை விடக் கால் சுரமளவு உயர்ந்து கேக்கும். ட்யூனரில ஒவ்வொரு தந்தியையும் 50 சென்ட் (அரைச் சுரத்தில பாதி) ஏத்துங்கோ, இல்லாட்டி ஏ சுரத்தை 440க்குப் பதிலா 453 ஹேர்ட்ஸில வையுங்கோ. கீபோட்டிலயும் அதே அளவு ஏத்தவேணும்.

தந்தியில கை வைக்க விருப்பமில்லையெண்டால் ஓடாசிற்றி எண்ட ஒலித்தொகுப்பு மென்பொருளில ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ போட்டுப் பாட்டை 2.8 வீதம் குறையுங்கோ. ‘சேஞ்ச் டெம்போ’ இல்லை, அது சுருதியை அப்பிடியே விட்டிடும். யூரியூப்பில வேகம் குறைச்சாலும் அதே கதைதான். மேடையில றெக்கோட் ஓடாதெண்டால் இந்தக் கரைச்சலே வேண்டாம், வழமையான சுருதியில இந்தக் கோட்ஸைப் பிடிச்சால் போதும்: டி, ஜி, டி, ஏ, பி மைனர், ஜி, டி, ஏ.

நந்திக்கடல்:
நியூ ஓடரின்ர ‘ப்ளூ மண்டே’யை விடுங்கோ. ட்றம் மெஷின் இல்லாமல் அது வெறும் எலும்புக்கூடு.

என்ர தெரிவு வெல்வெற் அண்டர்கிரவுண்டின்ர ‘சண்டே மோர்னிங்’. தொடக்கத்தில வாற மணிச்சத்தம் ஜோன் கேல் வாசிச்ச செலெஸ்டா, பியானோ மாதிரிக் கட்டை அமத்தி வாசிக்கிற மணி வாத்தியம். கீபோட்டில ஜெனரல் மிடி எண்ட பொதுச் சத்த வரிசையில 9ஆவது. பியானோ சத்தத்தில வாசிச்சால் பாட்டே செத்துப்போகும்.

குழல் இருக்கிறபடியால் றோலிங் ஸ்ரோன்ஸின்ர ‘ரூபி டியூஸ்டே’, 1967. பிறையன் ஜோன்ஸ் றெக்கோடர் எண்ட ஊதுகுழலில ஊதினதைக் குழல் எடுக்கட்டும். ஏ மைனர், ஜி, எஃப், ஜி, சி எண்டு தொடங்கும். 1 கட்டைக் (சி சுருதி) குழல் பொருந்தும்.

முறிகண்டி:
யூ2வின்ர ‘சண்டே பிளடி சண்டே’யும் சேருங்கோ. கிற்றாரை அரைச் சுரம் இறக்கி, பி மைனர், டி, ஜி6 பிடிச்சுத் தந்தி தந்தியா மீட்டவேணும். ஆனால் அதின்ர உயிர் அந்தப் படை மேளம். ஒரு ஸ்னேர் மேளமாவது இரவல் வாங்குங்கோ. 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தில டெரியில ஊர்வலம் போன சனத்தை பிரிட்டிஷ் ஆமி சுட்டதைப் பற்றின பாட்டெண்டு முதலே ஒரு வரி சொல்லிவிடுங்கோ. எங்கட சனத்துக்கு மிச்சம் விளங்கும்.

கனகராயன்:
நன்றி. எங்களிட்ட 5 கட்டைக் (ஜி சுருதி) குழல்தான் இருக்கு.

நந்திக்கடல்:
பறவாயில்லை. அதில மத்திமத்தைச் சட்சமா வைச்சு, ஹரிகாம்போதி ராகச் சுரங்களில ஊதச்சொல்லுங்கோ, சி மேஜர் வந்திடும். கிற்றார்காரர் ஒண்டும் மாத்தத் தேவையில்லை.